தள்ளிவிட ஓர் ஆள்

பொன்னேரியில் நான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தேன். இதைச் சொல்லும்போது கேட்பவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகு பொன்னேரியை நினைத்துப் பார்ப்பார்கள். நான் கதை அளக்கிறேன் என்று நினைப்பது அவர்கள் முகத்தில் தெரியும். அளக்கவில்லை. எழுபதுகளின் நடுவில், மாட்டுவண்டியும் சைக்கிளும் நெல்மூட்டை லாரியும் போகிற சாலையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சிவப்பு நிறத்தில், கூரையில்லாத ஓர் இங்கிலீஷ் வண்டியில் நான் போயிருக்கிறேன். போனதைவிட நின்றதுதான் அதிகம்.

அப்படி ஒரு வண்டியை வைத்துப் பராமரிக்க என்ன செலவாகும் என்று போன மாதம் என் மருமகன் கேட்டார். அவருக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது. பெட்ரோல், டயர், ஆயில் என்று வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு மனம் ஒப்பவில்லை. பாதி பதில்தான் சொல்லியிருந்தேன். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

சென்னையில் இருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி, அறுபதுகளில் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. ஆரணி ஆற்றோரம் என் பங்குக்கு வந்த முக்கால் காணி நிலத்தை விற்று வாங்கினேன். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. பொறியியல் படித்தவன். கும்மிடிப்பூண்டியில் பனைமரங்களை வெட்டிவிட்டுக் கொட்டகைகள் எழும்பத் தொடங்கியிருந்தன. அப்படி எழும்பிய ஒன்றில், பம்பு செய்யும் தொழிற்சாலையில், நான் ஒர்க்ஸ் மேனேஜர். பொன்னேரியிலிருந்து ரயிலில் சுகமாகப் போய்க்கொண்டிருந்தவன்.

வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திய அன்று என் மனைவி அதைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள்.

"ரெண்டு சீட்டுதான் இருக்குது?"

"ஆமா. ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான்."

"ஊட்ல அஞ்சு பேரு. மீதி மூணு பேரு இன்னா பண்றது, பின்னாடியே ஓடியாறதா?"

என் அம்மா உள்ளேயிருந்து, "எனக்கு வேணாம்மா, நான் நடந்தே வரேன்" என்றார். என் இரண்டு பெண்களும் அதற்குள் ஆளுக்கொரு சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அந்த வண்டியால் முழு மகிழ்ச்சி அடைந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். அதுவும் நின்றுகொண்டிருந்த வண்டியில்.

நின்றுகொண்டிருந்த என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வண்டிக்கு ஸ்டார்ட்டர் மோட்டார் இருந்தது. இருந்தது, அவ்வளவுதான். சாவியைத் திருப்பினால் தொண்டை கட்டியவர் இருமுவது போல ஒரு சத்தம் வரும், பிறகு ஒன்றும் வராது. தள்ளிவிட்டால் கிளம்பும். சரிவில் உருட்டிவிட்டாலும் கிளம்பும். ஆனால் பொன்னேரியில் சரிவுக்கு எங்கே போவது? கண்ணுக்கு எட்டிய தூரம் நெல்வயல், தண்ணீர்கூட எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசிக்கிற ஊர். இருந்த ஒரே சரிவு ரயில்வே கேட்டுக்கு ஏறுகிற மேடு. ஆகவே என் கார் தினமும் அந்த மேட்டில்தான் தூங்கிற்று. காலையில் நான் வீட்டிலிருந்து கால் மைல் நடந்து போய், சக்கரத்துக்குக் கொடுத்த கல்லை எடுத்துவிட்டு, உருண்டு, கிளம்பி, கும்மிடிப்பூண்டி போவேன். அங்கேயும் ஸ்டேஷனுக்கு ஏறுகிற மேட்டில்தான் நிறுத்துவேன். காருக்கு நடந்து போகும் தூரத்தில் பாதி நடந்தால் ரயில் நிலையம் வந்துவிடும் என்பதை என் மனைவி அடிக்கடி நினைவுபடுத்துவாள்.

கேட்கீப்பர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு நிதானமாகக் கேட்டார்: "சார், மெயிலு வருதுன்னு கேட்டை மூடறதா, உங்க வண்டி வருதுன்னு தொறந்து வெக்கிறதா? மேல எழுதிப் போட்டு ஒரு முடிவு கேட்டுச் சொல்றீங்களா?"

இன்னொரு செலவு வெள்ளைப் பேண்ட். வண்டியோடு ஒரு பழைய கையேடு வந்தது. அதன் முதல் பக்கத்தில் இதே காரின் மேல் சாய்ந்தபடி ஒரு துரை நிற்பார், தூய வெள்ளைக் கால்சட்டையில். நான் அதைப் பார்த்துவிட்டு மூன்று வெள்ளைப் பேண்ட் தைத்துக்கொண்டேன். கூரையில்லாத வண்டி, நெல் லாரிகள் கிளப்பும் புழுதி, நடுவில் நான். ஒவ்வொரு நாளும் அவற்றைத் துவைத்து நீலம் போட்டவள் என் மனைவி. அந்தச் செலவை நான் எந்தக் கணக்கிலும் சேர்த்ததில்லை.

அவளை அந்தக் காரில் வெளியூருக்கு அழைத்துப் போனது ஒரே ஒரு முறை. ஓர் அமாவாசையன்று திருவள்ளூர் கோயிலுக்கு. அவள் பிறந்த ஊர் அது. உடம்புக்கு வந்த நோய் தீர வேண்டுமென்று அங்கே குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். வெல்லம் கரைவது போல நோயும் கரையும் என்பது நம்பிக்கை. போகும் வழியில் மூன்று முறை நின்றோம். அவளும் இறங்கித் தள்ளினாள், பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு. குளத்தங்கரையில் கால் கிலோ வெல்லம் வாங்கினாள்.

"யாருக்கு உடம்பு?" என்று கேட்டேன்.

"உங்க வண்டிக்குதான்" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடி, உண்மையாகவே வேண்டிக்கொண்டு கரைத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் வந்தாள்.

இப்போது தொழிற்சாலைக்கு வருகிறேன். இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய செலவுகள்.

எங்களிடம் ஒரு டர்னர் இருந்தார். லேத் இயந்திரத்தில் உலோகம் கடைகிற வேலை. இருபத்தைந்து வயதிருக்கும். ஆரம்பாக்கத்துக்காரர், கிறிஸ்தவர். தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். அதிலிருந்து இயந்திரத்தின் முன் வந்து நின்ற முதல் ஆள் அவர். அன்று நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது அவர் என்றே கை போகிறது. அவர் கை வைத்த வேலையை நான் மறுபடி அளந்து பார்த்ததில்லை. இரண்டு வருடமாகத் தற்காலிகமாகவே வேலை. அந்தத் தீபாவளிக்குள் மூன்று பேரை நிரந்தரமாக்கலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். பெயர்களை எழுதிக் கொடுக்க வேண்டியவன் நான். முதல் பெயர் அவருடையது. அது அவருக்கும் தெரியும், மொத்தக் கொட்டகைக்கும் தெரியும்.

"பர்மனென்ட் ஆச்சுன்னா முதல் வேலை, நைனாவை நடவுக்குப் போவாதன்னு சொல்லிடுவேன் சார்" என்பார். அவர் அப்பாவுக்கு முழங்கால் மடங்காது. மடங்காத காலோடு சேற்றில் நின்றுகொண்டிருந்தார்.

அந்த வருட ஆயுத பூசையில்தான் ஆரம்பித்தது. முதல் நாளே எல்லா இயந்திரங்களையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டுவோம். டர்னர் தன் லேத்துக்கு எல்லோரையும்விட அக்கறையாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். "உங்க ஆளு கோவிச்சுக்க மாட்டாரா?" என்று யாரோ சீண்டியதற்கு, "மெஷினு பாவம் அண்ணே, வருஷத்துல ஒரு நாளுதான் குளிக்குது, அதுக்கு எந்த சாமி கோவிச்சுக்கும்?" என்றார்.

பூசையன்று ஊழியர்களின் சைக்கிள், ஸ்கூட்டர் எல்லாம் உள்ளே வரும். என் காரும் வந்தது, மாலையோடு. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி தன் சொந்த பலத்தில் நகர்ந்து பழத்தை நசுக்க வேண்டும். அதுதான் வழக்கம். நூற்றுச்சொச்சம் பேர் சுற்றி நிற்க, வெள்ளைப் பேண்ட்டில் நான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். இருமியது. இன்னொரு முறை. இருமல்கூட இல்லை.

"சார், கொஞ்ச நேரம் போனா பழம்தான் வண்டிய நசுக்கும் போல" என்று ஒரு குரல் வந்தது. சிரிப்பு கூரை வரைக்கும் போயிற்று. பிறகு பத்துப் பேர் ஓடி வந்து தள்ள, பழங்கள் நசுங்கின, வண்டியும் கிளம்பிற்று, எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

டர்னர் மட்டும் தலையைச் சாய்த்து அந்த இருமலைக் கேட்டிருந்தார். "பேட்டரி நல்லாத்தான் இருக்குது சார். ஸ்டார்ட்டர் உள்ள புஷ்ஷு தேஞ்சி போயிருக்குது. ஆர்மேச்சர் பாடியில ஒரசுது. புஷ்ஷு ஒண்ணு கடைஞ்சிப் போட்டா குதிச்சிக்கினு கெளம்பும்."

புஷ் என்பது ஆர்மேச்சர் என்கிற சுழலும் தண்டைத் தாங்குகிற சிறிய உலோக வளையம். கட்டை விரலின் ஒரு கணு அளவுதான் இருக்கும். கடையில் கிடைக்காது. இங்கிலாந்திலிருந்து வரவழைக்க இறக்குமதி அனுமதி வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கேயோ கன்மெட்டல் துண்டுகள் லேத்துக்குக் கீழே கிடக்கின்றன.

"கடைஞ்சிடேன்" என்றேன். பெயர்ப் பட்டியல் என் மேசை டிராயரில் இருக்கும்போது சொன்னேன். அவர் எப்படி முடியாது என்பார்?

ஒரு வாரம் கழித்து, மதிய உணவு நேரத்தில், கழித்துப் போட்ட துண்டு ஒன்றில் அதைக் கடைந்து முடித்தார். மாலைச் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்பு என் அறைக்கு வந்து நீட்டினார். எண்ணெய் பளபளக்க, பொன் போல இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கன்மெட்டல் செம்பு கலந்த, விலை கூடிய உலோகம். அதற்கு முந்தைய வருடம் துண்டுகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அதனால், கேட் பாஸ் இல்லாமல் ஒரு ஆணிகூட வெளியே போகக் கூடாது, மீறினால் வேலை நீக்கம் என்று ஓர் அறிவிப்பு பலகையில் ஒட்டியிருந்தது. எழுதியவன் நான். கையெழுத்தும் என்னுடையது. மாலையில் தொழிலாளர்கள் வரிசையாகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க, வாட்ச்மேன் தடவிப் பார்ப்பார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்ப்பார். அதிகாரிகளை யாரும் தடவிப் பார்ப்பதில்லை.

"நீங்களே பாக்கெட்ல போட்டுக்கினு போயிடுங்க சார்" என்றார் டர்னர்.

நான் என் பேண்ட்டைப் பார்த்தேன். அன்று காலைதான் இஸ்திரி போட்டது.

"எண்ணெய் படும்பா. நீயே எடுத்துக்கினு வா. வண்டி ஸ்டேஷன் மேட்டுலதான் நிக்குது. அங்க குடு."

அவர் புஷ்ஷைக் காகிதத்தில் சுற்றினார். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு பாஸ் எழுதிக் கொடுத்திருக்கலாம். அதில் 'எதற்காக' என்று ஒரு கட்டம் உண்டு. 'மேனேஜரின் காருக்காக' என்று எழுத எனக்குக் கூச்சம். ஒரு கழித்துப் போட்ட துண்டு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

வாட்ச்மேன் பார்த்தார். பட்டாளத்தில் இருந்து வந்தவர், வேலையில் சேர்ந்து பத்து நாள். சாப்பாட்டு டப்பாவில், மீதி சோற்றுக்கு அடியில் காகிதத்தில் சுற்றியிருந்தது. நான் கேட்டைத் தாண்டுவதற்குள் முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

அறையில் மேசை மேல் புஷ். அதற்கு முன்னால் டர்னர். என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்ததை நான் கண்டேன். சார் வந்துவிட்டார், இனி கவலையில்லை என்ற தெளிவு.

முதலாளி புஷ்ஷை எடுத்து என்னிடம் நீட்டினார். "கேட்டா வாயே தெறக்க மாட்றான். இது நம்ம பம்புல போடறதா?"

நான் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஏதோ அளவு பார்ப்பவன் போல. பிறகு சொன்னேன்: "நம்ம பம்புல இந்த சைஸ் புஷ் கிடையாது சார்."

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"அப்ப வெளியில விக்கத்தான்" என்றார் முதலாளி. டர்னர் என்னைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை மெதுவாகக் கீழே இறங்கி என் பேண்ட்டில் நின்றது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அறிவிப்பில் அப்படித்தான் எழுதியிருந்தது.

நான் முன்னால் வெளியே வந்து, கிட்டத்தட்ட ஓடி, ஸ்டேஷன் மேட்டில் நின்ற காரை உருட்டினேன். அன்றைக்கென்று எஞ்சின் பிடிக்கவில்லை. மேடு முடிந்து, சமதரையில், சாலை நடுவில் நின்றுவிட்டது. ஷிப்ட் முடிந்து ரயிலுக்குப் போகிறவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். யாரைக் கூப்பிடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"கியர்ல போடுங்க சார். தள்றேன்."

டப்பாவைச் சாலை ஓரம் வைத்துவிட்டு, வேலை இழந்து கால் மணி நேரம்கூட ஆகாத அந்த மனிதர், என் காரைத் தள்ளினார். தனி ஆளாக. பத்து அடியில் எஞ்சின் உறுமிப் பிடித்துக்கொண்டது.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணாடியில் அவர் குனிந்து டப்பாவை எடுப்பது தெரிந்தது.

மறுநாள் காலை என் மனைவி அந்தப் பேண்ட்டைத் துவைக்க எடுத்தாள். "இன்னாங்க, அதிசயமா ஒரு கறைகூட இல்ல?" என்றாள். சொல்லிவிட்டேன். முழுவதையும் சொன்னேன். அவள் பேண்ட்டைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாக்கெட்ல போட்டுக்கினு வந்திருந்தா நான் தொவைச்சிருக்க மாட்டேனா?"

அவ்வளவுதான் கேட்டாள். பிறகு, "இன்னிக்கே போயி சொல்லிடுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன். அன்று சொல்லவில்லை. மறுநாள் சொன்னால் நேற்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அடுத்த வாரம் அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. தீபாவளி வந்தது. பட்டியலில் முதல் பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினேன். பொங்கல் வந்தது. என் மனைவி வெள்ளைப் பேண்ட்டுகளைத் துவைத்து மடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

மறுவருட ஆயுத பூசைக்கு மறுபடியும் மாலை போட்டுக் காரை உள்ளே கொண்டுபோனேன். வழக்கம் என்று போயிருப்பேன். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசாரி சூடம் காட்டினார். சாவியைத் திருப்பினேன். இருமியது.

யாரும் சிரிக்கவில்லை. போன வருடம் பழம் வண்டியை நசுக்கும் என்றவர் எனக்கு எதிரில்தான் நின்றார். யாரும் நகரவும் இல்லை. பொரி கொடுக்கிறார்கள் என்று ஒருவர் சொல்ல, ஒவ்வொருவராகப் பொரி வாங்கப் போய்விட்டார்கள். அந்தப் புஷ் யாருடைய வண்டிக்கு என்று டர்னர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. என் ஸ்டார்ட்டரின் இருமலை எல்லோரும்தான் கேட்டிருந்தார்கள். நான்கு முழு எலுமிச்சம்பழங்களின் மேல், மாலையோடு, நான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். ராஜினாமாக் கடிதத்தையும் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இவ்ளோதானா? அன்னிக்கே சொல்லியிருந்தா உங்களைக் கிண்டல் பண்ணிட்டு விட்டிருப்பேனே. ஒரு ஸ்கிராப் துண்டுய்யா!" டிராயரைத் திறந்து, குண்டூசிகளுக்கு நடுவில் கிடந்த புஷ்ஷை எடுத்துக் கொடுத்தார். என் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். டர்னரை நிரந்தர வேலையில் சேர்த்துக்கொள்ள உத்தரவும் எழுதச் சொன்னார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உண்மையைச் சொல்ல நான் கொடுத்திருக்க வேண்டிய விலை ஒரு கிண்டல். அதைக் கொடுக்காமல் ஒரு வருடம் சேர்த்து வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஆரம்பாக்கம் போனேன். டர்னர் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை. என்னைக் கண்டதும் நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. தப்பு என்னுடையது என்றேன்.

"தெரியும் சார்" என்றார்.

உத்தரவைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ஆந்திரா பக்கம், தடாவுல ஒரு பட்டறையில லேத்து ஓட்டறேன் சார். நாள் கூலிதான். வேலை இருந்தா டப்பு, இல்லன்னா இல்ல. ஆனா சாயங்காலம் கையத் தூக்காம ஊட்டுக்கு வரேன்."

"உங்க நைனா...?"

"அதோ நிக்கிறாரு பாருங்க."

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நடவு நடந்துகொண்டிருந்தது. வரிசையில் ஒருவர் மட்டும் குனியாமல், ஒரு காலை நீட்டி, பக்கவாட்டில் சாய்ந்து நாற்றுக் கட்டை வீசிக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்தார். புஷ்ஷை எடுத்துக் காட்டினேன். வாங்கி, விரலைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். அவர் கை வேலை அவருக்குப் பிடித்திருந்தது. திருப்பிக் கொடுத்தார்.

"வண்டி இப்ப ஸ்டார்ட் ஆவுதா சார்?"

"இல்லப்பா. தள்ளித்தான் கெளப்பணும்."

"யாரு தள்றாங்க?"

ரயில் வந்துகொண்டிருந்தது. "யாரும் இல்ல" என்றேன்.

அவர் சிரித்தார். கேலிதான், ஆனால் கசப்பு இல்லாத சிரிப்பு. "அப்ப வித்துடுங்க சார், பேஜாரு" என்றார்.

பொங்கலுக்குள் விற்றுவிட்டேன். வாங்கியவரிடம் எல்லாக் குறையையும் சொன்னேன், புஷ் தேய்ந்தது உட்பட. டர்னர் கடைந்ததை மட்டும் கொடுக்கவில்லை. என் மேசையில் இருக்கிறது. மருமகன் அடுத்த முறை வரும்போது அதை எடுத்து அவர் கையில் வைக்கலாம் என்றிருக்கிறேன்.